கிணற்றுச் சுவரின் மூன்றாவது பூண்டு

இராசாத்தியின் கிணற்றுக்குள் எவரும் இறங்கக் கூடாது என்பது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அச்சிற்றூர் முழுவதும் அறிந்த செய்தி. காரணத்தை அவள் சொன்னதில்லை. ஊரார் கேட்டதும் இல்லை. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் போருக்கு அஞ்சி ஊரே இடம்பெயர்ந்து ஓடியபோது அவளுடைய கணவன் கனகசிங்கம் காணாமற் போனான். திரும்பி வந்தவர்கள் தத்தம் கிணறுகளை இறைத்தனர். சில கிணறுகளிலிருந்து சேற்றோடு வேறு சிலவும் மேலே வந்தன. ஆகவே, அவ்வூரில் ஒரு பெண் தன் கிணற்றில் இறங்க வேண்டாம் என்று சொன்னால், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஊர் விளங்கிக்கொண்டது பொய்யன்று, பாதி உண்மை. மறுபாதி, கிணற்றுச் சுவரில் வளர்ந்திருந்த பூண்டு.

கனகசிங்கம் பதுளையிலிருந்து செங்கலடிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிவரும் லொறியின் சாரதியாக இருந்தவன். மலைப்பாதையில் கண்ட செடி எதையாவது ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவருவது அவன் வழக்கம். ஒருமுறை, பூக்காமல் இலையடிப் பொடியால் பெருகும் ஒரு பன்னச் செடியைக் கொண்டுவந்து, கிணற்றின் உட்சுவரில் செங்கற்கள் பிளந்திருந்த இடத்தில் செருகினான்.

"இஞ்சத்த வெக்கைக்கு இது நாலு நாள் தாங்காது" என்றாள் இராசாத்தி.

"உன்னையே தாங்குது இந்த வளவு. இதத் தாங்காதோ?" என்றான் அவன்.

தாங்கியது. எதிர்ச்சுவரில் வாய்க்கால் ஓரங்களில் முளைக்கும் ஊர்ப் பன்னம் முன்னரே அடர்ந்திருந்தது. இடப்பெயர்வு முடிந்து மகள் பிரஷாந்தியைக் கையிற் பிடித்துக்கொண்டு அவள் திரும்பியபோது, வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, கனகசிங்கம் இல்லை. கிணற்றுக்குள் மட்டும் அவன் வைத்த செடி பச்சையாக நின்றது. அன்றுதான் அவள் அந்தக் கட்டளையை இட்டாள்: உள்ளே எவரும் இறங்கக் கூடாது. அவன் செடியைக் காப்பதற்காகவா, சேற்றுக்கு அடியில் கிடக்கக்கூடியதைக் காணாதிருப்பதற்காகவா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கிணற்று நீரைத்தான் நாள்தோறும் குடித்தாள்.

சில ஆண்டுகள் சென்றபின், இரண்டு பன்னங்களுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று தலைகாட்டியது. மலைச்செடியின் பல்விளிம்பும் ஊர்ச்செடியின் மெல்லிய மயிரும் அதன் இலையில் ஒருங்கே இருந்தன. பிரஷாந்தி வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆய்வு மாணவியானபின், அதன் இலையொன்றைத் துரட்டியால் பறித்துச் சென்று நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தாள். விடுமுறையில் வந்தவள் தாயிடம் சொன்னாள்:

"அம்மா, அது ரெண்டுக்கும் பிறந்த கலப்பு. ஆனா மலடு. இலைக்குக் கீழ பொடி மாதிரி வித்தி இருக்குமே, அதெல்லாம் சூம்பிக் கிடக்கு."

"ஈரத்தில நிண்டும் ஏன் சூம்புது?"

"ஈரத்தால இல்லம்மா. கோயில் கொம்பு விளையாட்டில வடசேரிக் கொம்பும் தென்சேரிக் கொம்பும் ஒண்டோட ஒண்டு கொளுவினாத்தானே ரெண்டு பக்கமும் இழுக்கலாம்? செடிக்குள்ளயும் அப்பிடித்தான். வித்தி உண்டாகிற நேரம் தாய்வழி வந்தது தகப்பன்வழி வந்ததோட சோடி சேரோணும். இதில ஒண்டு மலை, ஒண்டு வாய்க்கால். கொளுவுதில்ல."

"அப்ப அதோட சரியா?"

"அனேகமா அதோட சரி. கிழங்கு படர்ந்து தானே பெருகும், அவ்வளவுதான். எப்பயாவது ஒருக்காத் தவறுதலா ரெண்டு வழியால வந்ததும் எல்லாம் இரட்டிச்சிரும். அப்ப ஒவ்வொண்டுக்கும் தன்னைப் போலயே ஒரு சோடி கிடைக்கும். வித்தி முளைக்கும். மறுகா அது மலையும் இல்ல, வாய்க்காலும் இல்ல. புது இனம்."

இராசாத்தி சிரித்தாள். "உங்கட அப்பா கொண்டந்ததெல்லாம் இப்பிடித்தான். ஒண்டும் ஒழுங்கா நிண்டதில்ல."

கடந்த ஆண்டு அந்தத் தவறுதல் நிகழ்ந்தேவிட்டது என்று பிரஷாந்தி நம்பினாள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தடித்த கரும்பச்சை இலைகளோடு ஒரே ஒரு தூறு புதிதாக நின்றது. அதன் வித்திகள் சூம்பவில்லை, உருண்டு திரண்டிருந்தன. அவள் கொண்டுசென்ற இலையில், வித்திகள் முளைக்குமுன் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இனி உயிருள்ள வேர்நுனியை எடுத்து அதன் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தால் மட்டுமே இரட்டித்ததை மெய்ப்பிக்கலாம்.

"ஒரு தூறுதான் இருக்கம்மா. அது செத்தா என்ர நாலு வருசப் படிப்பும் அதோட போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கார்த்திகை வெள்ளம் வந்தது. வாவி கரை மீறி வளவுகளுக்குள் புகுந்தது. கிணறுகள் விளிம்புவரை நிறைந்து, சாணமும் செத்த கோழியும் மிதந்தன. நீர் வடிந்தபோது இராசாத்தி மூன்று நேரமும் கிணற்றை எட்டிப் பார்த்தாள். சேறு பூசியிருந்தாலும் கரும்பச்சைத் தூறு பிடியை விடவில்லை. தொலைபேசியில் அதைக் கேட்ட பிரஷாந்தி அழுதே விட்டாள். "வெள்ளிக்கிழமை எனக்குப் படிப்பிக்கிற மெடத்தோட வாறன். அது வரைக்கும் ஒருத்தரையும் இறங்க விடாதீங்க."

வெள்ளம் வடிந்தால் ஊரிலுள்ள ஆண்கள் கூடிக் கிணறுகளை இறைப்பார்கள். ஆண்துணையில்லாத வீட்டுக் கிணற்றையே முதலில் இறைப்பது அவ்வூரின் முறை. நல்லரத்தினம் நீரிறைக்கும் இயந்திரத்தோடும் வடத்தோடும் வந்து நின்றார். கனகசிங்கத்தோடு ஒன்றாகப் பள்ளிக்குச் சென்றவர் அவர்.

"தங்கச்சி, இந்தத் தண்ணியக் குடிச்சா வயித்தால போய்ச் செத்திருவாய். இறங்கி வழிச்சி விடுறன்."

"வேணாம் அண்ணன். தண்ணிய மட்டும் மிசினால எடுங்க. உள்ளுக்க இறங்க வேணாம்."

"ஏன் கா, தங்கச்சி?"

சொல்லிவிடலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். ஊரே பாயும் சட்டியும் இழந்து நிற்கையில், ஒரு பூண்டுக்காக என்று எப்படிச் சொல்வது? பைத்தியம் என்று சிரிப்பார்கள்.

"சும்மாதான்" என்றாள்.

நல்லரத்தினம் அவளையும் கிணற்றையும் பார்த்தார். பின்னர் தலைகுனிந்து வடத்தைச் சுருட்டினார்.

வியாழக்கிழமை, வரும் விருந்தினருக்குச் சமைப்பதற்காக அவள் கொக்கட்டிச்சோலைக் கடைகளுக்குச் சென்றாள். திரும்பி வந்தபோது வாசற் படலையிலேயே சுண்ணாம்பு மணத்தது. கிணற்றுக்கட்டில் நல்லரத்தினம் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் சேறு, முழங்கை உரிந்து குருதி கசிந்தது.

"முதல்ல இரி தங்கச்சி. அடிமட்டும் இறங்கிட்டன்."

அவள் கடைப் பையோடு நின்றபடி கேட்டாள்.

"சேத்தையெல்லாம் கையால துழாவிப் பாத்தன். மண்வெட்டி போடல்ல, கையாலதான். ஒண்டுமில்ல கா. ஒரு ஓட்டை வாளி. இந்தா, ஒரு சின்னப்புள்ளச் செருப்பு. கனகன் இஞ்ச இல்ல. இத்தனை வருசம் இதை நினைச்சி நினைச்சித்தானே தண்ணி குடிச்சாய்? இனி நிம்மதியா இரு."

இராசாத்தி அப்படியே மண்ணில் அமர்ந்தாள். அழுகையை அவள் அடக்கவில்லை. அவன் அங்கே இல்லை. அப்படியானால் எங்கே? அஞ்சி அஞ்சி நினைத்ததாயினும், அவனை நினைக்க இதுவரை ஓர் இடமாவது இருந்தது.

பிறகுதான் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவர் வெண்மையாக இருந்தது. அடியிலிருந்து விளிம்புவரை ஓர் இலைகூட இல்லை.

"பூண்டெல்லாம் எங்க அண்ணன்?"

"அது சுவரப் பிளந்திரும் கா. வேரோட சுரண்டிச் சுண்ணாம்பும் அடிச்சிட்டன். சேத்தோட வாவியில கொட்டியாச்சு."

அவள் வாவிக் கரைக்கு ஓடினாள். வெள்ளநீர் இன்னும் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. கரையில் ஒதுங்கி மிதந்த ஆற்றுவாழைச் செடிகளுக்கு நடுவே மலைச்செடியின் ஓர் இலை கிழிந்து கிடந்தது. கரும்பச்சை எங்கும் இல்லை. திரும்பி வந்து, நல்லரத்தினத்துக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பிறர் எவரும் துணியாததை அவளுக்காகத் துணிந்து செய்தவரிடம் வேறென்ன சொல்ல இயலும்?

வெள்ளிக்கிழமை பிரஷாந்தி கிணற்றைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தாள். நடந்ததையெல்லாம் தாய் சொல்லி முடித்தாள்.

"பூண்டு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அம்மா."

"சொல்ல வெக்கமாப் போச்சு புள்ள."

உடன் வந்த ஏறாவூர்ப் பேராசிரியை கைறுன்னிஸா டோர்ச் அடித்துச் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ரெண்டு தாய்ச்செடியும் வேற இடத்தில கிடைக்கும் மகள். பக்கத்தில பக்கத்தில நட்டு வைக்கலாம். கலப்பும் ஒருநாள் வரும். ஆனா அது இரட்டிக்கிறது நம்மட கையில இல்ல" என்றார். நட்டு வைப்போம் என்று பிரஷாந்தி சொல்லவில்லை.

கிணற்றுக்கட்டில் அந்தச் சிறு செருப்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பிரஷாந்தி அதைக் கையில் எடுத்தாள். ஓடிய நாளின் காலையில் கிணற்றுக்குள் விழுந்தது அது. அழுத மகளிடம், "நாளைக்கு இறங்கி எடுத்துத் தாறன்" என்று கனகசிங்கம் சொல்லியிருந்தான்.

படலையில் செருமும் ஒலி கேட்டது. சலவைச் சேட்டு அணிந்து, தலைவாரி, நல்லரத்தினம் வந்து நின்றார்.

"என்ன மருமகள், கம்பஸ் ஆக்கள் கிணத்தப் பாத்தாங்களா? எப்பிடி இருக்காம்?"

பிரஷாந்தி செருப்பைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய முழங்கையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள்.

"நல்ல வெள்ளையா இருக்கு மாமா" என்றாள். "இருங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்."

இராசாத்தி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். மேலே வந்த நீரில் சுண்ணாம்பு மிதந்தது. அதைக் கொட்டிவிட்டு, மீண்டும் விட்டாள்.