விருந்தாளி அரிசி

எங்கள் வீட்டில் இரண்டு வகைத் தானியம் இருந்தது. நாங்கள் தின்பது ஒன்று, விருந்தாளிகள் தின்பது ஒன்று. கம்பும் சோளமும் எங்களுக்கு. இடிக்க இடிக்கத் தீர்ந்துவிடும் என்பதால் அவற்றில் பூச்சி விழ நேரமில்லை. நெல்லரிசி விருந்தாளிக்கு. நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே, மானாவாரிக் காட்டின் நடுவில் இருந்த எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்கள் குறைவு. உலகப்போர் வந்தபின் இன்னும் குறைந்தார்கள். அரிசி பானைக்குள் வேப்பிலையோடு மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். வண்டு காத்திருக்காது. ஆகவே, யாருக்கு அதிக மரியாதை செய்தோமோ அவர்களுக்கே வண்டு விழுந்த அரிசியைப் பொங்கிப் போட வேண்டியிருந்தது.

அது வெளியே தெரியாமல் காத்தவள் அத்தை, அப்பாவின் தங்கை. முறத்தை அவள் நாலு தட்டுத் தட்டினால் கல் ஒரு மூலைக்கும் வண்டு ஒரு மூலைக்கும் தானாக ஒதுங்கும். அவள் புடைத்த அரிசியில் கறுப்பாக ஒரு புள்ளியை நான் கண்டதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது, அத்தைக்கு இருபது. சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருந்த ஒரு குமாஸ்தாவுக்கு அவளை இரண்டாந்தாரமாகக் கேட்டார்கள். மாப்பிள்ளைக்கு நாற்பதுக்கு மேல். அவருடைய மூத்த மகள் அத்தையைவிட இரண்டு வயதுதான் சின்னவள். "எனக்கு வேண்டாமுங்கண்ணா" என்று அத்தை ஒரே ஒரு தடவை சொன்னாள். "உன்னைய யாரு கேட்டா?" என்று அப்பாவும் ஒரே ஒரு தடவை சொன்னார். பேச்சு அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அவருடைய பெரியப்பா மட்டும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முழுச் சம்மதம் இருந்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். ஒரு கவளம் உள்ளே போய்விட்டால் அப்புறம் பேச்சு மாறக்கூடாது. பெரியவர் இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்ததும் அப்பாவுக்குப் பாதி பாரம் இறங்கியது. துணைக்கு என்னைப் பக்கத்து இலையில் உட்கார வைத்தார்கள். நெல்லஞ்சோறு கிடைக்குமென்றால் அந்த வயதில் யார் கல்யாணத்துக்கும் எனக்குச் சம்மதம்.

அத்தை சோறு போட்டு, ஓரமாகப் பருப்பு ஊற்றிவிட்டுப் போனாள். பிசையப் போன பெரியவரின் விரல்கள் நின்றன. சோற்றின் உச்சியில் ஒன்று கறுப்பாகக் கிடந்தது.

"ஏனுங்க, இதென்னுங்க வண்டாட்டம் இருக்குது?"

அப்பா இலையை எட்டிப் பார்த்தார். எனக்குத்தான் கோபம் வந்தது. எங்கள் அத்தை புடைத்த அரிசியை ஒருவர் குறை சொல்வதா? கையை நீட்டி அவர் இலையிலிருந்து அதை எடுத்தேன்.

"வண்டில்லீங்க தாத்தா. சீரகமுங்க."

"சீரகத்துக்குக் காலு இருக்குமா அம்மணி?"

"எங்கூருச் சீரகத்துக்கு இருக்குமுங்க" என்று சொல்லி வாயில் போட்டு மென்றேன். லேசான கசப்பு. வேறொன்றும் இல்லை.

பெரியவர் தோள் குலுங்கச் சிரித்தார். "பொல்லாத புள்ளையா இருக்கறயே! சரி உடு. டவுனு ரேசன் அரிசி மட்டும் என்ன வாழுது" என்று மறுபடி சோற்றில் கை வைத்தார். அப்பாவுக்கு மூச்சு வந்தது.

அப்போது அத்தை குண்டாவோடு திரும்பி வந்தாள். யாரும் சோறு கேட்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க."

அடியிலிருந்து அள்ளி, அவர் இலையில் நிதானமாக வைத்தாள். எண்ணிப் பார்த்தேன். வண்டு ஏழு. வெள்ளைப் புழு ஒன்று. வைத்தவள் உள்ளே போகவில்லை. கரண்டியோடு அங்கேயே நிமிர்ந்து நின்றாள்.

பெரியவர் அவளை அண்ணாந்து பார்த்தார். "இதும் சீரகந்தானா?"

"வண்டுங்க" என்றாள் அத்தை. "நாந்தானுங்க பொடைச்சேன். எந்த ஊட்டுக்குப் போனாலும் இப்பிடித்தானுங்க பொடைப்பேன்."

பெரியவர் எழுந்துவிட்டார். அம்மா நீட்டிய செம்பைக்கூட வாங்கவில்லை. கழுவினால் கை நனைத்த கணக்காகிவிடும் என்று பயந்தாரோ என்னவோ, விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டு வண்டி ஏறினார்.

அப்பா கத்திய கத்தலில் வேலியோரம் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கின. அத்தை புது இலை ஒன்றை எடுத்துப் போட்டு, பெரியவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, அந்தக் குண்டாச் சோற்றை வண்டோடு சாப்பிட்டாள். அப்பா கத்திக்கொண்டே இருந்தார். அவள் இரண்டாந்தரம் பருப்பு கேட்டாள். அம்மா பருப்பு ஊற்றி, கேட்காமலே நெய்யும் விட்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வண்டைத் தின்று நான் கட்டிக் காத்த கல்யாணத்தை, ஏழு வண்டை அள்ளிப் போட்டு அத்தை கெடுத்துவிட்டாள். யோசித்துப் பார்த்ததில் ஒரே காரணம்தான் புலப்பட்டது. கட்டிலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய், அத்தைக்குப் பாவம் கண் சரியாகத் தெரியவில்லை, நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்றேன். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கண்ணாடி போட்டால் எல்லாம் சரியாகிவிடும், அதே மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வருவார்கள் என்று அவரைத் தேற்றினேன்.