தெற்கே போன பை

காலை ஆறே கால். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அம்மாவின் முதுகு. இடுப்பில் ஒரு பயணப்பையை ஏற்றிக்கொண்டு, மலாக்காவில், தெருவிளக்கு இன்னும் அணையாத காஜா பேராங் சாலையில் தெற்குப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. அன்று புதன்கிழமை. நாங்கள் சிங்கப்பூருக்குக் கப்பலேற வேண்டியது வியாழக்கிழமை மாலை.

பை மட்டும் ஒரு நாள் முன்னதாகப் புறப்பட்டதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல, மலாயா சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டின் ஆகஸ்டு மாதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது என் தங்கைக்கு ஒன்பது வயது. எனக்குப் பதினாறு. டைபாய்டு காய்ச்சலில் அவள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். சுதந்திர நாளன்று பண்டார் ஹிலிர் திடலில் விளக்கு அலங்காரம் செய்திருந்தார்கள். அவளுடைய கட்டில் இருந்த வார்டின் சன்னல் வேறு பக்கம் பார்த்திருந்தது. அவளுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. என்ன நிறத்தில் விளக்கு, எத்தனை, மரத்தில் கட்டியிருக்கிறார்களா கம்பத்திலா என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா பொதுப்பணி இலாகாவில் எழுத்தர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். அன்று நிறுத்தவில்லை.

"இதெல்லாம் ஒரு விளக்கா, பாப்பா? சிங்கப்பூர்ல இருக்கு பாரு, அதுதான் விளக்கு. டிசம்பர் லீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் சொன்னது அங்கிருந்த கேளிக்கைப் பூங்காவை. அதைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் வேலை பார்த்த சித்தப்பா சொன்னதுதான். தங்கையைப் பார்க்க வந்த அவரை அவள் ஒரு மணி நேரம் விசாரித்தாள். பெரிய ராட்டினம் இருக்கிறது, உச்சிக்குப் போனால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் விளக்கு தெரியும். காசு கொடுத்தால் சின்னக் கார்களை ஓட்டி ஒன்றோடொன்று மோதலாம், யாரும் திட்டமாட்டார்கள். இருட்டுக்குள் ஓடும் பேய் ரயில் ஒன்று உண்டு. அந்தப் பேய் ஆணா பெண்ணா என்று அவள் கேட்டாள். கவனிக்கவில்லை என்று சித்தப்பா ஒப்புக்கொண்டார்.

அக்டோபரில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தலைமுடி பெரும்பாலும் கொட்டியிருந்தது. கால்கள் குச்சியாக இருந்தன. பள்ளி ஆண்டிறுதிச் சோதனை எழுதவில்லை. தோழிகள் வந்தபோது முக்காடு போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவைப்பாள். சிங்கப்பூர்ப் பேச்சை எடுத்தால் மட்டும் மீதிப் பாதியும் உள்ளே போகும். இதை அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். அதனால் பயணத் திட்டம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேசப்பட்டது.

அம்மா சில நிபந்தனைகள் வைத்தார். மார்கழி பிறப்பதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். பஸ் கூடாது. பஸ் ஏறினால் தங்கைக்கு வாந்தி வரும், தவிர மூவார் பக்கம் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டதாகப் பேச்சு. கடைசியாக, அவள் கடலோரத்துத் தெங்கேரா வரை நடந்து, எங்கும் உட்காராமல், வீடு திரும்பிக் காட்ட வேண்டும். நவம்பர் முழுவதும் மாலையில் நான் அவளோடு நடந்தேன். முதல் வாரம் பாதி வழியில் உட்கார்ந்தாள். மாதக் கடைசியில் தெங்கேராவில் கடலைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் என்னை முந்திக்கொண்டு நடந்தாள். வீட்டு வாசலில் மூச்சிரைப்பை அடக்கிக்கொண்டு, இரைக்கவே இல்லை என்றாள்.

ராட்டினத்தின் உச்சியில் காற்று அடிக்கும் என்பதற்காக அம்மா ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கம்பளிச் சட்டை கேட்டார். துணிக்கடைக்காரர் ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, தூசியைத் தட்டிவிட்டு, "சீமைக்கா போறீங்க?" என்று கேட்டார். சிங்கப்பூருக்கு என்றதும் வாய்க்குள் சிரித்துக்கொண்டே மடித்துக் கொடுத்தார்.

எல்லாம் கூடிவந்த பிறகுதான் கிழமை குறுக்கே நின்றது. மலாக்காவில் நின்று சிங்கப்பூர் போகும் கப்பல் வியாழக்கிழமை. அப்பாவுக்கு லீவு கிடைத்ததும் அந்த வியாழனிலிருந்து திங்கள் வரைதான். பஞ்சாங்கப்படி ஒவ்வொரு கிழமையும் ஒரு திசையில் சூலம் இருக்கும், அந்தத் திசையில் அன்று பயணம் புறப்படக்கூடாது. வியாழனன்று சூலம் தெற்கே. சிங்கப்பூரும் தெற்கே.

கப்பல்காரனுக்குச் சூலம் தெரியாது என்றார் அப்பா. அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே நிமிராமல் சொன்னார்.

"நல்லா இருக்கிற பிள்ளைன்னா நானே சரின்னுடுவேன். இது எமன்கிட்ட போய்த் திரும்பி வந்த பிள்ளை."

தங்கை தட்டைத் தள்ளிவைத்தாள்.

வழியைக் கண்டுபிடித்ததும் அம்மாதான். நல்ல நாள் பார்த்து, பயணத்துக்கு வேண்டிய பொருளில் கொஞ்சத்தை முன்னதாகவே வெளியே அனுப்பி, போகும் திசையில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆட்கள் எந்தக் கிழமையும் புறப்படலாம். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். வைத்த பொருள் மட்டும் வீட்டுக்குள் திரும்பி வரக்கூடாது. வந்தால் பயணம் முடிந்தது என்று பொருள். தங்கை இந்த விதியை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

எங்களுக்குத் தெற்கே மூன்றாவது வீடு ஒரு செட்டி குடும்பத்தினுடையது; தலைமுறைகளாக மலாக்காவிலேயே வாழ்ந்து தமிழ் மறந்தவர்கள். கணவனும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். அந்த அம்மாள் மலாய்ப் பெண்களின் கெபாயாச் சட்டை உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசியிருப்பார். மாரியம்மனைக் கும்பிடுவார், மலாயில் பேசுவார். அத்தை, மாமா என்பதை மலாயில் சொல்லி, நாங்கள் அவரை மாச்சிக் என்றும் அவர் கணவரை பாச்சிக் என்றும் அழைத்தோம். புதன்கிழமை காலை அம்மா கொண்டுபோன பையில் தங்கையின் கவுன் இரண்டு, கம்பளிச் சட்டை, அப்பாவின் வேட்டி, ஒரு பிடி பச்சரிசி, ஒரு மஞ்சள் கிழங்கு இருந்தன. அம்மாவுக்குச் சந்தை மலாய்தான் தெரியும். பையைக் கொஞ்சம் வைத்திருங்கள், நாளை எடுத்துக்கொள்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டார். ஏன் என்பதைச் சொல்லும் அளவுக்கு அவருடைய மலாய் போகவில்லை. மாச்சிக்கும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. அப்பா சைக்கிளில் கப்பல் ஏஜெண்டு அலுவலகத்துக்குப் போய்விட்டு, பத்து மணிக்கு நனைந்து திரும்பினார். கப்பல் கிள்ளான் துறைமுகத்திலேயே நிற்கிறது, மழையில் சரக்கு ஏற்ற முடியவில்லை. நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம். இதைச் சொல்லிவிட்டு அவர் சட்டையைப் பிழிந்தார். தங்கை முன்னறைச் சன்னலோரம் போய் உட்கார்ந்தாள். மதியம் சோறு வேண்டாம் என்றாள்.

பிற்பகலில் நான் அதே அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கப்பல் வருகைப் பத்தியில், ஏஜெண்டு இல்லை என்று சொன்ன கப்பல் அன்று வருவதாகவே இருந்தது. அச்சில் இருப்பதும் நடப்பதும் வேறாக இருக்கக்கூடும் என்று நான் கவனித்தது அன்றுதான். தங்கை சட்டென்று எழுந்தாள். முக்காடு நாற்காலியிலேயே விழுந்து கிடந்தது. நான் பேப்பரை வைப்பதற்குள் அவள் மழையில் இறங்கியிருந்தாள்.

வாசலில் எங்கள் வேலிக் கதவுக்கு அந்தப் பக்கம் பாச்சிக் நின்றார். ஒரு கையில் குடை. மறு கையில் எங்கள் பை.

கப்பல் வரவில்லை என்ற செய்தி அவர்கள் வீட்டுக்கும் போயிருக்கிறது. பை இருந்த அறையில் கூரை ஒழுக, புதுத்துணி பூசணம் பிடித்துவிடும் என்று மாச்சிக் அவரை அனுப்பியிருக்கிறார். மழையில் இறங்கி, உபகாரமாக அவரே தூக்கி வந்திருக்கிறார். தங்கை இரண்டு கையாலும் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஜாங்ஙான் மாசோக், பாச்சிக்." உள்ளே வராதீர்கள்.

விளையாடுகிறாள் என்று எண்ணி அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பை உள்ளே வந்தால் நாங்கள் சிங்கப்பூர் போக முடியாது என்று மலாயில் சொன்னாள். ஏன் என்றார். விதி அப்படி என்றாள். அவர் தலையைச் சொறிய நினைத்திருக்க வேண்டும், இரண்டு கையும் நிறைந்திருந்தது. சரி, இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டுமா என்று தரையைக் காட்டினார். அதுவும் கூடாது என்றாள். பாச்சிக் பையைத் தூக்கிப் பிடித்தபடியே, குடையை மட்டும் கதவுக்கு மேலாக நீட்டி அவள் தலைக்குப் பிடித்தார். இப்போது அவர் நனைந்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். அந்தத் தலையில் மழை பட்டுவிடக் கூடாதென்று அக்டோபரிலிருந்து காத்து வந்தவர். படியில் நின்று ஒரு கணம் பார்த்தார். நான் அதட்டலை எதிர்பார்த்தேன்.

"பை கதவைத் தாண்டிச்சா?"

"இல்லம்மா."

"சத்தியமா?"

"நான்தான் விடலையே."

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"குடைதான் உள்ள வந்துச்சு. பை வரல" என்றேன்.

அம்மா சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். தங்கையை என் பக்கம் தள்ளிவிட்டு, கதவைத் தன் உடம்பு புகும் அளவுக்கு மட்டும் திறந்து வெளியே போய், பாச்சிக்கின் கையிலிருந்து பையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். இருவரும் ஒரே குடையில் தெற்கே நடந்தார்கள். குடை பெரும்பாலும் பைக்குத்தான் இருந்தது.

பாச்சிக் எடுத்துச் சொல்ல, மாச்சிக் விஷயத்தைக் கேட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாராம். முதலிலேயே சொல்லியிருந்தால் பையைக் கட்டிப்போட்டிருப்பேனே என்றாராம். பிறகு வீட்டிலேயே ஒழுகாத இடமான தன் கட்டிலில் அதை வைத்து, இரவு இந்த விருந்தாளியோடு படுத்துக்கொள் என்று கணவரிடம் சொன்னாராம். அம்மா இதைத் திரும்பி வந்து சொல்லும்போது சிரித்தார். சிரித்துக்கொண்டே தங்கையின் தலையைத் துவட்டினார். துவட்டிய துண்டை வைத்துவிட்டு நெற்றியில் கை வைத்தார். மிளகுக் கஷாயம் கொடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். சூடு கண்டால் கப்பல் வந்தாலும் பயணம் இல்லை என்று அப்பாவிடம் அடுப்படியில் சொன்னது எனக்குக் கேட்டது. தங்கைக்கும் கேட்டிருக்கும். அன்றிரவு அவள் மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தெர்மாமீட்டரை அப்பா சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. அம்மா தானும் ஒருமுறை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. புளிச்சோறு கிளற ஆரம்பித்தார்.

நண்பகலில் ஏஜெண்டு அலுவலகத்திலிருந்து அப்பா வேகமாகச் சைக்கிளில் வந்தார். கப்பல் மூன்று மணிக்கு வருகிறது. சட்டை மாற்றும்போது, வெள்ளிக்கிழமை சூலம் மேற்கேதான், தெற்குக்குத் தடையே இல்லையே, பையை அலையவிட்டது வீண்தானே என்று அம்மாவைச் சீண்டினார்.

"பை வெளியே நிக்குதுன்னுதாங்க கப்பலே கிழமையை மாத்திக்கிச்சு" என்றார் அம்மா.

போகும் வழியில் பையை வாங்கிக்கொண்டோம். மாச்சிக் அதன் காதில் ஒரு மல்லிகைச் சரம் கட்டியிருந்தார். கப்பல் கரைக்கு வராது, தள்ளித்தான் நிற்கும். ஆற்று முகத்திலிருந்து தொங்கான் படகில் ஏறிப் போனோம். கடல் பழுப்பாக இருந்தது, அலை அதிகமில்லை. தங்கை கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தாள், கழற்றவில்லை. முக்காடு போட மறந்திருந்தாள். கப்பலின் மேல்தட்டில் அம்மா பாயை விரித்தார். சிங்கப்பூர் எந்தப் பக்கம் என்று தங்கை கேட்க, அப்பா கைகாட்டினார். அவள் அந்தப் பக்கமாகத் தலைவைத்துப் படுத்து, முதல் விளக்கு தெரிந்ததும் எழுப்பச் சொன்னாள்.

கப்பல் ஆறரை மணிக்கு நங்கூரம் எடுத்தது. தங்கை அதற்கு முன்பே தூங்கிவிட்டாள்.