ராணி இல்லாத பவுண்டு நோட்டு

பீளமேட்டு மில் ஒன்றில் வேலை பார்த்த என் சித்தப்பாவை, புது இயந்திரம் பழகிவர ஆறு மாதம் ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். திரும்பும்போது ஒரு பவுண்டு நோட்டுகள் இரண்டு கொண்டுவந்தார். லண்டனில் வாங்கியதில் ராணியின் தலை இருந்தது. ஸ்காட்லாந்தில் வாங்கியதில் ராணியே இல்லை. வங்கியின் பெயரும் வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணினேன். பதினோரு வித்தியாசங்கள்.

அப்பா எண்ணவில்லை. "ஒரு நாட்டுக்கு ரெண்டு நோட்டு அடிப்பாங்களாடா? கள்ளநோட்டக் குடுத்து உன்னைய ஏமாத்திப்போட்டாங்க" என்றார்.

"ஜெயிலுக்கெல்லாம் நான் சோறு கொண்டாந்து தரமாட்டேனுங்க கொழுந்தனாரே" என்றார் அம்மா.

"நாளைக்குக் கோட்டைமேட்டு பாய்கிட்டயே கேட்டுப்போடலாமுங்கண்ணா" என்றார் சித்தப்பா. பாய் துணி வியாபாரி. கொழும்பு, சிங்கப்பூர் எல்லாம் போய்வந்தவர்.

மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கள்ளநோட்டுக்கு எத்தனை வருஷம் உள்ளே போடுவார்கள்?

சித்தப்பா அங்கிருந்து எழுதிய ஒன்பது கடிதங்களின் உறைகளிலும் ராணி தலை போட்ட தபால்தலை உண்டு. ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தேன். நான்கு சோற்றுப் பருக்கைகளை நசுக்கி, லண்டன் நோட்டில் ராணி இருந்த அதே இடம் பார்த்து, யாருக்கும் தெரியாமல் மற்ற நோட்டில் ஒட்டினேன். வித்தியாசம் பத்தாகக் குறைந்தது.

மறுநாள் சித்தப்பாவோடு நானும் போனேன். கடையில் நோட்டு வைத்திருந்த உறையைப் பிரித்தபோதுதான் ஒட்டியிருந்த ராணியை அவரே பார்த்தார். பாய் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏனுங்க தம்பி, அந்தப் பக்கம் மூணு நாலு பேங்க்குக அவங்கவங்களே நோட்டு அடிச்சுக்கறாங்க. கவர்மென்ட்டே அதுக்கு அனுமதி குடுத்திருக்குது. இது அசல் நோட்டுங்க. அசலுக்கு மேல எதுக்குங்க ஒரு ராணி? இதைய இனி எவன் வாங்குவான்?"

நகத்தால் சுரண்டினார். ராணியோடு நோட்டும் கிழிந்து வந்தது.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் என் விரல்களைப் பார்த்தேன்.

"நான்தானுங்க பாய் ஒட்டுனேன். சும்மா, ஒரு அழகுக்கு" என்றார் சித்தப்பா.

"சீமைக்குப் போயி இதைத்தான் படிச்சுட்டு வந்தீங்களாக்கு!" பாய் சிரித்த சிரிப்பில் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சித்தப்பாவின் காதுகள் சிவந்தன.

நோட்டு விஷயத்தில் எனக்குக் குழப்பம் இன்றும் தீர்ந்தபாடில்லை. நம் ஒரு ரூபாய் நோட்டை மட்டும் அரசாங்கமே வெளியிடுகிறது, நிதிச் செயலாளர் கையெழுத்தோடு. மற்றதிலெல்லாம் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து. எது கைக்கு வந்தாலும் இருமுறை சரிபார்க்கிறேன்.

அன்று வீடு வரும் வரை பேருந்து பதினான்கு இடத்தில் நின்றது. நோட்டுதான் அசல் என்றாகிவிட்டதே, பிறகு சித்தப்பா எதற்குப் பொய் சொன்னார்? பதினான்கு நிறுத்தம் யோசித்தும் எனக்கு அது பிடிபடவில்லை.