பரிமளம் மாமி வீட்டு முற்றத்திலை நான் விட்ட உதை

எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. கராத்தே பெல்ட் வயித்தைச் சுத்தி எட்டாது. எண்டாலும் பின்னேரத்திலை பயிற்சியை விடமாட்டன். கனடாவிலை இருக்கிற பரிமளம் மாமியின்ரை புங்குடுதீவு வீட்டை நான்தானே பாக்கிறனான், கள்ளர் வந்தால் ஆர் அடிக்கிறது?

மாமி ஞாயிற்றுக்கிழமையிலை போன் எடுத்து, "டேய், வீடு கவனம். சாக முன்னம் அங்கை வந்திடுவன்" எண்டுவா. ஒரு மாதமாய் போன் வரேல்லை. கோவமாக்கும் எண்டு நினைச்சன்.

ஒரு நாள் பின்னேரம் ஆரோ ஒருத்தன் பையோடை மதிலேறிக் குதிச்சான். ஓடிப்போய் உதைச்சன். வாழ்க்கையிலை முதல்தரம் உதை சரியாய்ப் பட்டுது. அவன் விழ, பைக்குள்ளை இருந்த சாடி உடைஞ்சு சாம்பல் கொட்டுண்டுது.

"அண்ணை, நான் பரிமளத்தின்ரை மகன். கேற் பூட்டிக்கிடந்தது, அதுதான் ஏறினனான்" எண்டான். நாலு வயசிலை போன பிள்ளை, எனக்கு முகம் தெரியேல்லை. பிறகு சாம்பலைப் பாத்து, "அது அம்மா" எண்டான்.

ரெண்டு பேரும் முழங்காலிலை இருந்து அள்ளினம். மண்ணோடை கலந்ததை அள்ள ஏலேல்லை. நான் விடாமல் மண்ணைக் கிளறிறதைப் பாத்திட்டு, "விடுங்கோ அண்ணை, அம்மா இஞ்சை வரத்தானே ஆசைப்பட்டவ" எண்டு கையைப் பிடிச்சான். அவன் திருப்பி அடிச்சிருந்தால் தாங்கியிருப்பன்.

வீட்டை இப்பவும் நான்தான் பாக்கிறன். முற்றத்தை மட்டும் கூட்டிறேல்லை.