மாலை பஸ்ஸும் தலைவரம்மாவின் ஓட்டும்

தலைவரம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய விரல்கள்தான். முன் இருக்கையின் கம்பியைப் பற்றியிருந்த விரல்கள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவை இறுகும். வளைவு தாண்டியதும் கொஞ்சம் தளரும். அடுத்தது வருவதற்குள் மறுபடி இறுகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஜெபம் செய்துகொண்டே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் பயம்தான். ஆனால் நான் வளைவுகளுக்குப் பயப்படவில்லை. நாங்கள் ஏறி வந்த அந்த பஸ் இனிமேல் ஓடுமா, ஓடாதா என்பதுதான் என் பயம். அதை முடிவு செய்யும் இடத்தில் அவர் இருந்தார்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊராட்சிக்கு நான் முதல் முறை தலைவரான சமயம் அது. மலையையும் அடிவாரத்தையும் சேர்த்து ஒரு வட்டாரப் போக்குவரத்துத் திட்டக் குழு இருந்தது. எந்த ஊருக்கு எந்த வேளையில் பஸ் வேண்டும், எங்கே நிறுத்தம், எங்கே கூரை, எதற்கு முதலில் பணம் என்று முடிவு செய்கிற குழு. ஒவ்வொரு ஊராட்சியும் பேரூராட்சியும் தன் வருமானத்திலிருந்து ஒரு பங்கைக் கொடுத்து, ஓர் உறுப்பினரையும் அனுப்பும். எங்கள் ஊராட்சியிலிருந்து போனது நான். அந்தப் பங்குகளுக்கு ஈடாக அரசு ஒரு தொகை தரும். அதிகாரிகள் கூட்டத்தில் உட்காருவார்கள், விளக்கம் சொல்வார்கள். ஓட்டுப் போட மாட்டார்கள். தலைவரை உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். அவரும் சாதாரணமாக ஓட்டுப் போடுவதில்லை. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் அவர் கை தூக்க வேண்டும்.

அப்படித் தலைவரானவர்தான் அவர். ஆலங்காயம் பக்கத்து அடிவாரப் பேரூர் ஒன்றின் தலைவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். வீட்டுக்காரர் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சர்ச் வாசலிலேயே குடிநீர்க் குழாய், தெருவிளக்கு என்று மனுக்கள் வந்து சேரும். அவருடைய ஊர் பஸ் ஸ்டாண்டுக்குக் கூரை கிடையாது. "நான் ஜெயிச்சா கூரை போட்டுத் தருவேன்" என்று தெருத் தெருவாகச் சொல்லித்தான் ஓட்டு வாங்கியிருந்தார்.

அந்த வருடம் அரசின் தொகை குறைந்துவிட்டது. அதே நேரத்தில் மலைக்கு வரும் மாலை பஸ்ஸில் நஷ்டம் என்றும், குழு அதை ஈடுகட்டாவிட்டால் அந்த ட்ரிப்பை நிறுத்த வேண்டியிருக்கும் என்றும் பஸ் நிர்வாகம் சொல்லிவிட்டது. இருக்கிற பணத்தில் ஒன்று கூரை போடலாம். இல்லை, பஸ்ஸைக் காப்பாற்றலாம். இரண்டுக்கும் காணாது.

வாணியம்பாடிப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு எங்கள் மலைப் பெண்கள் போய்வருவது அந்த பஸ்ஸை நம்பித்தான். என் நாத்தனாரும் அவர்களில் ஒருத்தி. பஸ் நிற்கப்போகிறது என்ற பேச்சு வந்ததிலிருந்து தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "இன்னா அண்ணி ஆச்சு?" என்றுதான் கேட்பாள். எனக்கு அந்தக் கேள்வியே காய்ச்சல் மாதிரி ஆகிவிட்டது. அவள் குரல் வாசலில் கேட்டாலே அடுப்படிக்குள் போய்விடுவேன். உறுப்பினர்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் வந்தேன். சிலர் டீ கொடுத்தார்கள். யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இரவில் படுத்தால் யார் யார் எந்தப் பக்கம் என்று மனம் எண்ணிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வரும்.

கடைசியில் தலைவரம்மாவிடமே போனேன். "ஒரு தடவ அந்த பஸ்ல வந்து பாருங்கக்கா" என்றேன்.

"மலை ரோடு எனக்கு ஒத்துக்காது தங்கச்சி. ஒரு வளைவு திரும்பினாலே தலை சுத்தும். சின்ன வயசுலேருந்து அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து நான் அடிவாரத்தில் மாலை பஸ் ஏறியபோது, நடு இருக்கையில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. "பக்கத்துல ஒக்காரு" என்றார். அவ்வளவுதான்.

வேலை முடித்து வந்த பெண்கள் பஸ் நிறைய. தோல் வாசனையும் பசை வாசனையும் அவர்களோடு ஏறின. பாதிப் பேர் நின்றபடியே தூங்கினார்கள். மழை பிடித்துக்கொண்டது. பாதி மலை ஏறியபோது ஒரு வளைவில் மரக்கிளை முறிந்து குறுக்கே கிடந்தது. டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். யாரும் கேட்காமலே பெண்கள் தூக்கம் கலைந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். டிரைவரும் கண்டக்டரும் அவர்களும் சேர்ந்து கிளையை இழுக்கிற சத்தம் கேட்டது. தலைவரம்மா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பக்கம் பள்ளம்.

திரும்பி ஏறிய ஒரு பெண் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள். "மோந்துக்கினே வாங்கம்மா. வாந்தி வராது."

அவர் வாங்கிக்கொண்டார். "இந்த பஸ் இல்லன்னா இன்னா பண்ணுவே?" என்று அவளிடம் கேட்டார்.

"இன்னா பண்றது? ஹாஸ்டல்ல தங்க வூட்ல வுட மாட்டாங்க. வேலைக்குப் போவாதன்னு சொல்லிடுவாங்க" என்றாள் அவள், யாருக்கோ நடப்பதைச் சொல்வதுபோல. பிறகு கம்பியில் சாய்ந்து மறுபடி தூங்கிப்போனாள்.

பஸ் இரவு மலையிலேயே தங்கும் என்பதால் தலைவரம்மா எங்கள் வீட்டில் தங்கினார். ரசம் சோறு கொஞ்சம் சாப்பிட்டார். நாத்தனாரிடம் கம்பெனி வேலையைப் பற்றி விசாரித்தார். ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டு அவர் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று விழுங்கிக்கொண்டேன். காலையில் இறங்கும்போதும் அதே கம்பி, அதே ஜெபம்.

கூட்டத்தன்று சமவெளி உறுப்பினர் ஒருவர், நெல் வியாபாரி, எழுந்து பேசினார். "மேல இருக்கிற கொஞ்சம் பேருக்காக, கீழ தினமும் நிக்கிற அத்தனை ஜனமும் வெயில்லயும் மழையிலயும் நிக்கணுமா? நீங்களே சொல்லுங்க." அவர் கேட்டதில் தப்பில்லை. கைக்குழந்தையோடு அந்த பஸ் ஸ்டாண்டில் நான் நனைந்திருக்கிறேன். இருந்தும், கூரைக்குக் கை தூக்கச் சொன்னபோது உயர்ந்த ஒவ்வொரு கையும் என் நெஞ்சில் வந்து விழுந்தது. பிறகு பஸ்ஸுக்கு. நான் எதிர்பார்க்காத இருவர் தூக்கினார்கள்; நம்பியிருந்த ஒருவர் தூக்கவில்லை. செயலர் எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடி எண்ணினார். சமம்.

எல்லோரும் தலைவரம்மாவைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. அவருடைய ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர் கதவருகே, கூரை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் பூமாலையோடு நின்றிருந்தார்கள். அவர் டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "நம்ம ஊர் ஜனம் நனைஞ்சா வூட்டுக்குப் போய்த் துடைச்சிக்கலாம்" என்றார் மெதுவாக. "அவங்க வூட்டுக்கே போக முடியாது. என் ஓட்டு பஸ்ஸுக்கு."

கதவருகே நின்றவர்கள் பூமாலையை வாசலிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்கள். கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கலக்கமாக இருந்திருக்காது.

அதற்குப் பிறகு அவருடைய ஊரில் நடந்ததை நான் பிறர் சொல்லித்தான் கேட்டேன். மழை பெய்யும் நாட்களில் மெடிக்கல் ஷாப் வாசலில் ஆட்கள் கூடி, "ஒதுங்க எடம் குடுங்க, எங்களுக்குத்தான் கூரை இல்லியே" என்பார்களாம். வீட்டுக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பாராம். அடுத்த தேர்தலில் தலைவரம்மா தோற்றார். அவருடைய சொந்தத் தெருவிலேயே ஓட்டு விழவில்லை.

தோற்ற பிறகு அவரைப் பார்க்கப் போனேன். கடையில் மாத்திரை அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எதுக்கு நன்றி? நான் போட்டது ஒரு வருசத்து ஓட்டு. பட்ஜெட்டு வருசா வருசம் வருது. அடுத்தவாட்டி சமமா வந்தா யார் தூக்குவாங்க? அதப் பாரு நீ."

அவர் சொன்னதுபோலத்தான் ஆயிற்று. ஒவ்வொரு வருடமும் பட்ஜெட் கூட்டம் நெருங்கும்போது எனக்குத் தூக்கம் போய்விடும். அரசுப் பங்கு வருமா, எந்த ஊராட்சி தன் பங்கை நிறுத்தி வைக்கும், புதிதாக வந்த உறுப்பினர் எந்தப் பக்கம் என்று அதே எண்ணிக்கைகள். பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடும்போதே நின்றுவிடுமோ என்ற நினைப்போடுதான் நாங்கள் ஏறினோம்.

இந்த வருடம் அரசின் தொகை கொஞ்சம் கூடி வந்தது. மலை உறுப்பினர்கள் எல்லோரையும் பேசிச் சம்மதிக்க வைத்து, நானே ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். தலைவரம்மா ஊர் பஸ் ஸ்டாண்டின் கூரைக்கு எங்கள் ஓட்டு; அதற்குப் பதிலாக மாலை பஸ்ஸின் நஷ்ட ஈட்டை மூன்று வருடங்களுக்குச் சேர்த்து ஒதுக்க வேண்டும். காரசாரமாகப் பேசினார்கள். நெல் வியாபாரிதான் முதலில், "சரி, ஒரு தொல்லை விட்டுச்சு" என்று கை தூக்கினார். நிறைவேறியது.

வெளியே வந்ததும் தலைவரம்மாவுக்குப் போன் செய்தேன். கூரை வரப்போகிறது என்றேன். "அப்பாடா" என்றார். பிறகு பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். இனி மூன்று வருடங்களுக்குக் கவலையில்லை, வருடா வருடம் பிச்சை கேட்கிற மாதிரி நிற்க வேண்டியதில்லை என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அந்தப் பக்கம் கடையில் யாருக்கோ சில்லறை கொடுக்கிற சத்தம் கேட்டது.

"நல்லதும்மா" என்றார். "அதுக்கப்புறம்?"

நான்காவது வருடத்துக் கூட்டத்தில் யார் யார் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்று மனம் அதற்குள் எண்ண ஆரம்பித்துவிட்டது. "லைன்ல இருக்கியா?" என்று அவர் கேட்டார். "இருக்கேன்க்கா" என்றேன்.

"சரி, வூட்டுக்குப் போய்ச் சேரு. பஸ்ஸு வந்துரும்" என்றார்.