சொல்லிடாதீங்கக்கா

தொண்ணூறுகளின் கடைசியில் நான் யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் ஒரு கொமியுனிகேஷனில் வேலை பார்த்தேன். எல்லோர் கையிலும் போன் வந்திராத காலம். சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து கொழும்புக்கும் குவைத்துக்கும் பேச வேண்டியவர்கள் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு போன், என் மேசையில் ஒரு போன், ஒரு போட்டோகொப்பி மெஷின், காத்திருப்பவர்களுக்குச் சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. கடை அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்த சிங்கள நர்ஸ் ஒருவர் அடிக்கடி கொப்பி எடுக்க வருவார். ஒருநாள் நான் ஒரு பெரியவருக்கு, அவருக்கு வந்த சிங்களக் கடிதத்தைத் தமிழில் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். நர்ஸ் கேட்டுக்கொண்டே நின்றார். போகும்போது கடை நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து முதல் கோல் வந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஹட்டன், நுவரெலியாப் பக்கமிருந்து கல்யாணம் முடித்து வரும் பெண்களுக்குத்தான் வராது. அந்த நர்ஸின் வார்டில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. டொக்டர் கேட்பதை நான் தமிழில் சொல்வேன். பிறகு ரிசீவர் நோயாளியின் கைக்குப் போகும். அவர் சொல்வதைக் கேட்டு, ரிசீவர் திரும்பி வந்ததும் டொக்டருக்குச் சிங்களத்தில் சொல்வேன். எனக்கு அது பெருமையாக இருந்தது. டொக்டர்மார் என்னை மிஸ் என்று கூப்பிட்டார்கள். முதலாளியும் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு நல்ல பேர் வரும் என்று விட்டுவிட்டார்.

அந்த லைனில் எப்போதும் இரைச்சல். கத்தித்தான் பேச வேண்டும். நான் கத்துவதை பெஞ்சில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள் என்பது எனக்கு உறைத்ததே இல்லை.

ஒரு புதன்கிழமை காலையிலிருந்து நல்ல மழை. மழை நாளில் ரப்பர் பால் வெட்டு கிடையாது என்பதால் கடை நிறைந்திருந்தது. பெஞ்சின் ஓரத்தில் முப்பது வயதிருக்கும் ஒரு பெண், நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான். அவருடைய தம்பி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. பன்னிரண்டு மணிக்கு அவன் எங்கள் கடைக்கு எடுப்பதாக ஏற்பாடு.

"தம்பி பொஞ்சாதிய ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம் தங்கச்சி" என்றார். "முழுகாம இருக்கா, ஆறு மாசம். நேத்து பீலியில தண்ணி புடிக்கப் போன எடத்துல விழுந்துட்டா. மயக்கம்னு அம்மா சொல்லுது. அம்மாதான் கூட இருக்கு. தம்பிக்கு வெவரம் சொல்லணும்."

"ஒண்ணும் ஆகாதுக்கா. கோல் வந்ததும் கூப்புடுறேன்" என்றேன்.

பதினொன்றரை இருக்கும். என் மேசைப் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். பதினாலாம் கட்டிலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது, மாமியார்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார், டொக்டருக்கு அந்தப் பெண் வாயாலேயே கேட்க வேண்டுமாம், மாமியாரை வெளியே அனுப்பியாகிவிட்டது என்றார். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னார். நான் பழக்கதோஷத்தில் அந்தத் தோட்டத்தின் பெயரைத் திருப்பிச் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

பெஞ்சில் இருந்த பெண் நிமிர்ந்தார். எழுந்து வந்து என் மேசையில் கையை ஊன்றி நின்றார்.

டொக்டர் புதிதாக வந்த இளைஞர். இரண்டு விஷயம் கேட்கச் சொன்னார். விழுந்தது மயக்கத்திலா, வலிப்பிலா? இதற்கு முன்னால் எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? பிறகு ரிசீவர் கைமாறும் சத்தம். மூச்சு மட்டும் கேட்டது.

வலிப்பு என்ற சொல்லை என் மேசை முன்னால் நின்றவரின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நேத்து என்ன நடந்திச்சி? முன்னாடி இப்படி வந்திருக்கா? நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன்.

மெல்லிய குரல் வந்தது.

"அக்கா, எனக்கு பத்து வயசுலருந்து வலிப்பு இருக்குங்க. மாத்திர குடிச்சிக்கிட்டு இருந்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல நிப்பாட்டிட்டாங்க. நேத்து வந்ததும் அதுதான். நாக்கு கூட கடிபட்டிருச்சி. இங்க யாருக்கும் தெரியாதுங்க. சொல்லிடாதீங்கக்கா."

ரிசீவர் மறுபடி டொக்டரிடம் போனது. "என்ன சொல்கிறாள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

மேசையில் ஊன்றியிருந்த கையைப் பார்த்தேன். ரப்பர் பால் காய்ந்து நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது. நான் இப்போது சிங்களத்தில் என்ன சொன்னாலும் இவருக்குப் புரியும். பெஞ்சில் இருக்கிற எட்டுப் பேருக்கும் புரியும். மழை விடுவதற்குள் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும். பன்னிரண்டு மணிக்குப் புருஷனுக்கும் தெரிந்துவிடும்.

"வெறும் மயக்கம்தான் டொக்டர்" என்றேன். "நேற்றுக் காலையில் சாப்பிடவில்லையாம்."

"வலிப்பு இல்லையா? முன்பு எப்போதும்?"

"நே" என்றேன். இல்லை என்பதற்கு சிங்களத்தில் அந்த ஓரெழுத்து போதும்.

அவர் விடவில்லை. வாயில் ரத்தம் இருந்ததாக மாமியார் சொல்கிறாரே என்றார். விழுந்ததில் பல் பட்டிருக்கும் என்றேன். அதை நான் யாரிடமும் கேட்கவில்லை. என் வாய் தானாகச் சொன்னது. பிரஷர் சரியாக இருக்கிறது, மயக்கம் மட்டும்தான் என்றால் நாளைக் காலையில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

"நம்ம புள்ளதானே?" என்றார் பெஞ்சுப் பெண். "என்னா சொன்னாரு டொக்டர்?"

"வெறும் மயக்கந்தானாம். நாளைக்கு விட்டுருவாங்களாம்."

பன்னிரண்டுக்குத் தம்பியின் கோல் வந்தது. கூண்டுக்குள் நின்று சிரித்துச் சிரித்துப் பேசினார். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் வலிப்பு உள்ள ஒரு பையன் இருந்தான். மாத்திரை தவறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண் நாளைக்கு மாத்திரை இல்லாமல், வயிற்றில் பிள்ளையோடு, அதே பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போவாள்.

அவர் போனதும் ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். வார்டுக்கு லைன் கிடைக்கவில்லை. அரை மணி கழித்துக் கிடைத்தபோது வேறொரு நர்ஸ் இருந்தார். டொக்டர் இல்லை, விஷயத்தைச் சொல்லுங்கள், எழுதி வைக்கிறேன் என்றார். மாமியார் அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறாரோ என்னவோ. இந்த நர்ஸ் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னால்? என்னைச் சுற்றி இங்கேயும் ஆட்கள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு முதலாளியிடம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். யாருக்கு என்ன என்று கேட்டார். தெரிந்தவங்க என்றேன். பஸ் மழையில் ஊர்ந்து போனது. டொக்டர் என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்று வழி முழுக்க மனதுக்குள் பேசிக்கொண்டே போனேன். ஒரு பதிலும் சரியாக வரவில்லை.

பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. பதினாலாம் கட்டிலில் இருந்தவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. பக்கத்தில் மாமியார் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த கட்டிலுக்கு வந்தவள் போல ஜன்னலோரம் நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். மாமியார் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு சுடுதண்ணீர் வாங்கப் போனார். நான் கட்டிலருகே போய்க் குனிந்தேன்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "போன்ல பேசுன அக்காவா?"

"ஆமா. நீங்க சொன்னத நான் டொக்டருகிட்ட சொல்லலம்மா. ஆனா சொல்லாம இருந்தா ஒங்களுக்கு ஆபத்து. அதான் கேட்டுட்டுப் போக வந்தேன்."

அவளுக்குப் புரியவில்லை. "சொல்லலையா?"

"நீங்கதானே சொல்லிடாதீங்கன்னு சொன்னீங்க."

"அது அவங்க வீட்டு ஆளுங்களுக்குக்கா" என்றாள். "டொக்டருக்கு சொல்லத்தானே ஒங்ககிட்ட சொன்னேன். இப்ப மாத்திர வரும், இப்ப வரும்னு காலையிலருந்து பாத்துக்கிட்டு கெடக்கேன்."

கல்யாணமானதிலிருந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை முகம் தெரியாத என்னிடம் துணிந்து சொல்லியிருக்கிறாள். நான் பாதியிலேயே அதைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

"நான் இப்பவே சொல்றேன். சொல்லவா?"

"சொல்லுங்க" என்றாள். வாசல் பக்கம் பார்த்தாள். மாமியார் இன்னும் வரவில்லை.

டொக்டரை வராந்தாவின் கடைசியில் பிடித்தேன். நான்தான் போனில் பேசியவள் என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"உங்களிடம் மூன்று முறை கேட்டேன்" என்றார் சிங்களத்தில்.

"ஆமாம் டொக்டர்."

"பிறகு ஏன்?"

அவளுடைய நாத்தனார் என் மேசைக்கு முன்னால் நின்றார், கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள், எல்லோருக்கும் சிங்களம் தெரியும் என்றேன். அவர் முகம் மாறியது. கடையா என்று கேட்டார். நான் ஏதோ காரியாலயத்தில் தனி அறையில் உட்கார்ந்து பேசுகிறேன் என்று நினைத்திருந்தாராம். கூட நின்ற, என் கடை நம்பரை வாங்கிப் போயிருந்த நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மாமியாரை நர்ஸ் ஏதோ அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அழைத்துக்கொண்டு போனார். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். டொக்டர் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், அவள் சொன்னாள், நான் சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எந்த வயதில் தொடங்கியது, மாத்திரை என்ன நிறம், கடைசியாக எப்போது குடித்தாள். மாத்திரை பிள்ளைக்கு ஆகுமா என்று அவள் கேட்டாள். எதைக் கொடுக்கலாம் என்று பெரிய டொக்டரிடம் கேட்டுத்தான் கொடுப்பேன், குடிக்காமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து என்றார் அவர். வீட்டில் மாத்திரையைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்றும் கேட்டாள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், பொய்யும் சொல்ல மாட்டேன், புருஷனிடம் நீயே சொல்வது நல்லது என்று அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

அவளை ஒரு வாரம் வார்டில் வைத்திருந்தார்கள். அந்த வாரமே நான் முதலாளியிடம் கெஞ்சி, பின்னால் சாமான் போட்டிருந்த அறைக்கு ஒரு வயர் இழுக்கச் செய்தேன். ஆஸ்பத்திரிக் கோல் வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவேன். பேசத் தொடங்கும் முன்னால், கேட்கிற எல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்வேன், வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நோயாளியிடம் முதலில் சொல்லிக்கொண்டேன். அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளை நன்றாக இருந்தது. புருஷன் தீபாவளிக்கு வந்தபோது அவள் சொல்லியிருக்கிறாள். அவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள் கிளினிக்குக் கூடவே வந்து, என்ன மாத்திரை, எத்தனை நேரம் என்று கேட்டுக்கொண்டு போனானாம். மாமியார்தான், பெண் வீட்டார் ஏமாற்றிக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று வெகுநாள் கத்திக்கொண்டிருந்தார். இதெல்லாம் அந்த நர்ஸ் சொல்லவில்லை. கிளினிக் நாளொன்றில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து அவளே சொன்னாள்.

அதற்குப் பிறகு நாத்தனார் ஒருநாள் வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை.

"அன்னைக்கே ஒனக்குத் தெரியும்ல தங்கச்சி?"

"போன்ல பேசுறத நான் யாருகிட்டயும் சொல்றதில்லக்கா."

"நாங்க என்னா யாரோவா?"

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்த மற்றக் கடைக்குத்தான் போனார். வாராவாரம் வந்த ஆள் ஏன் வருவதில்லை என்று முதலாளி ஒருமுறை கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு, கொப்பி மெஷினுக்குத் தாள் வைக்கப் போனேன்.