பிளக் ஒயர் மாற்றிய வண்டி

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்றாவது வரைக்கும்தான் படிப்பு. அதனால் எழுத்து மெதுவாகத்தான் வரும். அவசரமும் ஒன்றுமில்லை.

கடைசிப் பிள்ளை பழைய பெட்ரோல் பிக்கப் ஒன்று வைத்திருந்தான். கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்து லாட்ஜுகளுக்கும் தண்ணீர் கேன் போடுவான். ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் வண்டி மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் நின்றது. என் மருமகளும் அப்படித்தான், வாசலைத் தாண்டவில்லை. படாளத்திலிருந்து அவள் அண்ணன் வந்தான்.

"தெவசம் முடிஞ்சதும் தங்கச்சிய இட்டுகினு போறேன். நம்ம வூட்ல ஒரு மூலையில இருந்துட்டுப் போவுது" என்றான்.

மூலை என்றது எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கும்தான். அவன் போன பிறகு சொன்னாள்: "வண்டி மட்டும் ஓடிச்சினா எனுக்கு யாரு தயவும் வோணாம் அத்த."

அவளும் பேத்தியும் என்னோடு இருந்துவிடுவார்கள் என்றுதான் நான் அதை எடுத்துக்கொண்டேன். மற்ற நாலு பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊர். இந்த இரண்டு பேரும் போய்விட்டால் நான் அடுப்பு மூட்டுவது யாருக்காக?

வண்டி கிளம்பவில்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், பிளக்குக்குப் போகிற ஒயரையெல்லாம் எலி கடித்துத் துப்பியிருந்தது. நானும் மருமகளும் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போனோம்.

"கம்பெனி ஒயரு வர்றதே நின்னுபோச்சு. டூப்ளிகேட்தான் கீது" என்றான் கடைக்காரன்.

"எம் புள்ள வண்டிக்கு டூப்ளிகேட்டா?"

"ஆயா, அந்த வண்டிக்கும் உன் வயசு ஆவுது. கெடைக்கறத போட்டு ஓட்டு."

அவன் நீட்டியது சிவப்பு ஒயர். பிள்ளை போட்டிருந்தது கறுப்பு. வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மருமகள் வண்டி ஓட்டுவாள். என் பிள்ளைதான் பழக்கி லைசென்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தான். ஆனால் ரிப்பேர் தெரியாது. பழைய ஒயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதுசை நீளம் பார்த்து மாட்டினாள். சாவியைத் திருப்பினதும் பட்டாசு மாதிரி வெடித்தது. கொட்டகை முழுக்கப் புகை. அவள் முகம் செத்துப்போயிற்று.

என் பிள்ளையின் கூட்டாளி ஒருவன் மெக்கானிக். சொல்லியனுப்பினதும் வந்தான். பார்த்ததும் சிரித்தான்.

"இன்னா அண்ணி, சட்டி பானை கழுவறாப்ல மொத்தத்தையும் எடுத்துட்டியா? ஒண்ண கழட்டுனா அத்த மாட்டிட்டுதான் அடுத்தது. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுற வரிசையில பிளக்கு நெருப்பு புடிக்காது. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. அதான் வரிசை."

அவன் ஒவ்வொன்றாகச் சரியாக மாட்டினான். அவள் உள்ளே போய் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துவந்தாள். என் பிள்ளை போனதிலிருந்து அந்த அட்டை அலமாரியை விட்டு வெளியே வந்ததில்லை. அடுத்த தடவை மாறிவிடக் கூடாது என்று, முதல் ஒயரில் ஒரு பொட்டு, அது போய்ச் சேருகிற இடத்தில் ஒரு பொட்டு, இரண்டாவதுக்கு இரண்டிரண்டு என்று ஒட்டிக்கொண்டே வந்தாள்.

என் ஓரகத்தி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "இன்னா, பொட்டு அட்டயெல்லாம் வெளிய வந்துகினு கீது?"

"வண்டிக்கு வெக்கிறா. உனுக்கும் ஒண்ணு வோணுமா, வாயில ஒட்டிக்க?" என்றேன். தலை கீழே போய்விட்டது.

வண்டி கிளம்பியது. என் பிள்ளை ஓட்டும்போது வருகிற அதே சத்தம். மருமகள் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் எழவில்லை. நான் அன்றைக்கு வடை சுட்டேன்.

திவசத்துக்கு வந்த அண்ணனை அவளே திருப்பி அனுப்பினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் அவளுடைய துணி மூட்டை வாசலுக்கு வந்தது.

"சிங்கப்பெருமாள் கோயில்ல ரூம் பாத்துட்டேன் அத்த. அங்க கம்பெனிப் பசங்க ஆஸ்டலுக்கு கேன் போடச் சொல்றாங்க."

"இங்க இன்னா கொறச்சல்?"

"கொறச்சல் இல்ல. யாரு தயவும் வோணாம்னு அன்னிக்கே சொன்னேனே."

அந்த 'யாரு தயவும்' என்பதில் நானும் இருந்தேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். மூட்டையை நானே தூக்கி வண்டியில் வைத்தேன். வண்டி ஒரே தடவையில் கிளம்பி, இருமல்கூட இல்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியைக் கொண்டுவந்து விடுவாள். உள்ளே வருவாள், மோர் குடிப்பாள், போய்விடுவாள். சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போவாள். இன்றைக்கும் அப்படித்தான்.

இங்க வா கண்ணு. ஆயா எழுதுன இதை மொதல்லருந்து எனக்குப் படிச்சுக் காட்டு. உங்கம்மா வண்டி வந்து நின்னாலும் பாதியில எழுந்து ஓடாத.